ஏரி தெளிந்தால் பெர்ச்சுக்குப் பட்டினி

சிகாகோவில் சூரியன் ஏரியிலிருந்துதான் எழும். நகரம் மிச்சிகன் ஏரியின் மேற்குக் கரையில் இருப்பதால் கிழக்கே பார்த்தால் தண்ணீர், தண்ணீருக்கு அப்பாலும் தண்ணீர். எதிர்க்கரை கண்ணுக்கு எட்டாது. தெற்கு வடக்காக 490 கிலோமீட்டருக்கு மேல் நீளம், மிக ஆழமான இடத்தில் 281 மீட்டர். ஏரி என்றதும் வீராணமோ செம்பரம்பாக்கமோ நினைவுக்கு வந்தால் அந்த அளவுகோல் இங்கே உதவாது. அலை அடிக்கும், புயல் வரும், கப்பல் மூழ்கும். ஒரே குறை, உப்பு கிடையாது.

ஜூன் மாதத்தில் அங்கே ஐந்தேகால் மணிக்கே சூரியன் வந்துவிடுகிறது. அதற்கு முன்பே மாண்ட்ரோஸ் துறைமுகத்தின் கான்கிரீட் விளிம்பில் பிளாஸ்டிக் வாளிகள் வந்து இறங்கிவிடும். கவிழ்த்தால் உட்காரலாம், நிமிர்த்தினால் மீன் போடலாம். நகரத்தின் எல்லா மொழிகளும் அங்கே மெதுவான குரலில் கேட்கும். கரையிலிருந்து ஏரிக்குள் நீளும் இத்தகைய பாலங்களை ஊர்க்காரர்கள் 'பியர்' என்கிறார்கள். படகு வாங்க வசதியில்லாதவருக்கும், ஓய்வு பெற்றவருக்கும், வேலைக்குப் போகும் முன் இரண்டு மணி நேரம் கிடைப்பவருக்கும் ஏரியில் பங்கு தருவது இந்தப் பாலங்கள்தான். பெரும்பாலானவர்கள் காத்திருப்பது ஒரே மீனுக்காக: மஞ்சள் பெர்ச்.

உள்ளங்கையில் அடங்கும் மீன் இது. பெரும்பாலும் 15 முதல் 25 சென்டிமீட்டர் இருக்கும். 30 சென்டிமீட்டர் பிடித்தவர் அன்று முழுக்க அதையே பேசுவார். பித்தளை மஞ்சள் உடலில் மேலிருந்து கீழாக ஆறு முதல் ஒன்பது கரும்பட்டைகள், வெள்ளை வயிறு, ஆரஞ்சு நிற அடித்துடுப்புகள். முதுகில் இரண்டு துடுப்புகள். முன்னது முழுக்க முள், பின்னது மென்மையானது. செதில்களின் விளிம்பில் நுண்ணிய பற்கள் இருப்பதால் வாலிலிருந்து தலைப்பக்கம் தடவினால் உப்புத்தாள் போல உரசும். அறிவியல் பெயர் பெர்கா ஃப்ளேவசென்ஸ். இதை 1814-இல் விவரித்தவர் நியூயார்க்கைச் சேர்ந்த சாமுவேல் மிட்சில். ஐரோப்பாவின் ஆறுகளில் வாழும் பெர்ச் இதன் நெருங்கிய உறவு. மத்திய ஆசியாவில் பால்காஷ் ஏரிப்பக்கம் இன்னொன்று உண்டு. பெர்கா பேரினத்தில் மொத்தமே இந்த மூன்று இனங்கள்தான்.

ஒரு காலத்தில் அந்தப் பேரினத்தில் நம் ஊர் மீன் ஒன்றும் சேர்க்கப்பட்டிருந்தது. தரங்கம்பாடி டேனிஷ்காரர்கள் வசம் இருந்த நாளில், அங்கே பணியாற்றிய டால்டார்ஃப் என்ற படை அதிகாரி, பனைமரத்தில் தண்ணீர் மட்டத்துக்கு ஐந்தடி மேலே ஒரு மீன் ஏறிக்கொண்டிருந்ததைப் பார்த்ததாக எழுதினார். லண்டன் லின்னேயன் சங்கம் 1797-இல் அதை வெளியிட்டது. அவர் வைத்த பெயர் பெர்கா ஸ்காண்டென்ஸ். நம் பனையேறிக் கெண்டைதான் அது. பின்னர் வகைப்பாட்டாளர்கள் அதை வேறு குடும்பத்துக்கு மாற்றிவிட்டார்கள். நியாயம்தான்; முள் துடுப்பைத் தவிர இரண்டுக்கும் பெரிய ஒற்றுமை இல்லை.

பெர்ச் பிடிக்க ஏன் விடியற்காலை? குளிர்ச்சியோ அமைதியோ காரணமில்லை. பெர்ச் கண்ணை நம்பி வாழும் மீன். பகலில் ஒரே அளவு, ஒரே வயதுள்ளவை கூட்டமாகச் சேர்ந்து திரியும். அந்தி சாய்ந்ததும் கூட்டம் கலையும். ஒவ்வொன்றும் தரையில் படுத்து இரவு முழுக்க அசையாமல் கிடக்கும். விடிந்ததும் மறுபடி கூட்டம் கூடும், பசியோடு. அதனால் காலையும் மாலையும் நன்றாக மேயும். இதே குடும்பத்தில் வால்ஐ என்றொரு பெரிய மீன் இருக்கிறது. அதன் விழித்திரைக்குப் பின்னால், பூனைக்கு இருப்பதைப் போல, ஒளியைத் திருப்பியடிக்கும் படலம் உண்டு. மங்கலான வெளிச்சத்திலும் பார்க்கும். பெர்ச்சுக்கு அந்தப் படலம் இல்லை. ஆகவே பெர்ச் படுக்கப் போகும் நேரத்தில் வால்ஐ வேட்டைக்குக் கிளம்புகிறது, பல நாள் அந்தப் பெர்ச்சையே தேடி. இரவெல்லாம் பெர்ச்சுக்காகத் தூண்டில் போட்டு உட்கார்ந்திருப்பவரிடம் பொறுமை இருக்கிறது, மீனைப் பற்றிய தகவல்தான் இல்லை.

கருவிகள் எளிமையானவை. வளையும் தன்மையுள்ள மெல்லிய கோல், சிறிய ரீல், இரண்டு மூன்று கிலோ இழுவை தாங்கும் நரம்பு. நரம்பின் நுனியில் ஈயக்கட்டி. அதற்கு மேலே, ஒன்றுக்கொன்று இடைவெளி விட்டு, பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருக்கும் இரண்டு சிறு தூண்டில் முட்கள். இரை, உயிருள்ள சின்னஞ்சிறு மீன் அல்லது மண்புழுத் துண்டு. சட்டையுரித்து ஓடு இன்னும் இறுகாத கிரேஃபிஷ் கிடைத்தால் அதற்கு ஈடு வேறில்லை என்று பழையவர்கள் சொல்வார்கள். கிரேஃபிஷ் என்பது குட்டிச் சிங்கி இறால் மாதிரியான நன்னீர்ப் பிராணி.

ஈயம் அடியிலும் முள் மேலேயும் ஏன் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. பெர்ச்சுக்கு வயிற்றுக்குள் காற்றுப்பை உண்டு. அதன் தயவால் தரைக்கு ஓரடி இரண்டடி மேலே சிரமமின்றி மிதந்து நிற்கும். அதே தரையில் உருளை உளுவை என்ற வேற்றுநாட்டு மீன் ஆயிரக்கணக்கில் கிடக்கிறது. உளுவைக்குக் காற்றுப்பை இல்லை. நீந்துவதை நிறுத்தினால் கல் போல் கீழே போய்விடும். முள்ளைத் தரையில் கிடத்தினால் இரையைக் கவ்வுவது உளுவைதான், வரிசையாக. ஓரடி உயர்த்திக் கட்டினால் பெர்ச்சுக்கு வாய்ப்பு. ஒரு காற்றுப்பை இருக்கிறதா இல்லையா என்பதே இங்கே முடிச்சின் இடத்தைத் தீர்மானிக்கிறது.

பெர்ச் கொத்துவது மென்மையாக இருக்கும். வாயை முன்னே நீட்டித் திறந்து தண்ணீரோடு இரையை உறிஞ்சுகிறது. கோலின் நுனி இரண்டு முறை துடிக்கும், அவ்வளவுதான். அப்போது மணிக்கட்டை லேசாக உயர்த்த வேண்டும். பலமாக இழுத்தால் வாயின் மெல்லிய சவ்வு கிழிந்து மீன் போய்விடும். ஒன்று கிடைத்தால் உடனே அதே இடத்தில் மறுபடி போட வேண்டும், ஏனென்றால் கூட்டம் கீழே நின்றுகொண்டிருக்கிறது. பத்து நிமிடம் பாலம் முழுக்கக் கோல்கள் வளையும்; பிறகு அரை மணி நேரம் ஒருவருக்கும் ஒன்றும் இருக்காது. கூட்டம் நகர்ந்துவிட்டது என்று பொருள். பக்கத்துக்காரர் ஏதோ மந்திரம் வைத்திருக்கிறார் என்று நினைத்து அவருடைய இடத்துக்கு நகர்பவர்கள் எல்லா ஊரிலும் உண்டு.

சிகாகோவுக்கென்று ஒரு விசித்திர உத்தியும் உண்டு. பழைய தீயணைப்பு உருளையில் கார்பன் டை ஆக்சைடை அடைத்து, அதன் அழுத்தத்தால் ஒரு கனத்த எடையை ஏரிக்குள் வெகுதூரம் சுடுவார்கள். எடையோடு நீண்ட கயிறு போகும்; பல முட்கள் கட்டிய நரம்பை அந்தக் கயிற்றில் ஓட்டி வைத்து, கரைப்பக்கம் ஒரு மணியைத் தொங்கவிடுவார்கள். மீன் மாட்டினால் மணி அடிக்கும். பாதி விளையாட்டு, பாதிப் பொறியியல்.

பிடித்த மீனைக் கையில் எடுக்கவும் ஒரு முறை இருக்கிறது. முன் முதுகுத்துடுப்பின் முட்கள் 12 முதல் 14 வரை இருக்கும், குத்தினால் எரியும். தலையிலிருந்து வால் நோக்கி உள்ளங்கையால் வழித்து முள்ளைப் படுக்க வைத்த பிறகே பிடிக்க வேண்டும். செவுள் மூடியின் பின்முனையிலும் ஒரு கூரான முள் உண்டு. வாய்க்குள் மட்டும் பயமில்லை: வால்ஐக்கு இருக்கும் கோரைப்பற்கள் இதற்குக் கிடையாது, தூரிகை போன்ற குட்டிப் பற்கள்தான்.

காற்றுப்பையை மறுபடி பார்க்க வேண்டும், ஏனென்றால் பெர்ச்சின் மிகப் பெரிய பலவீனம் அதுவே. கெண்டை போன்ற மீன்களில் காற்றுப்பையிலிருந்து தொண்டைக்கு ஒரு குழாய் இருக்கும். காற்று அதிகமானால் வாய் வழியே வெளியேற்றிவிடலாம். பெர்ச்சில் அந்தக் குழாய் குஞ்சுப் பருவத்திலேயே அடைபட்டுப் போகிறது. அதன்பின் காற்று கூடுவதும் குறைவதும் இரத்தம் வழியேதான், மிக மெதுவாக. தண்ணீரில் பத்து மீட்டர் இறங்கினால் அழுத்தம் இரு மடங்கு. இருபது மீட்டர் ஆழத்திலிருந்து ஒரு பெர்ச்சைச் சட்டென்று தூக்கினால் பைக்குள் இருக்கும் காற்று மூன்று மடங்காக விரியப் பார்க்கும். இரைப்பை வாய் வழியே பிதுங்கும், கண்கள் புடைக்கும். அதைத் திருப்பி விட்டாலும் பிழைப்பது அரிது. படகில் போய் ஆழத்தில் பிடிப்பவர்கள் சின்னதை விட்டுவிட்டுப் பெரியதை மட்டும் எடுத்துக்கொள்கிறோம் என்று சொல்வதில் பெருமைப்பட ஏதுமில்லை. பாலத்தடியின் ஆழம் குறைந்த தண்ணீரில் இந்தச் சிக்கல் இல்லை. அங்கே விட்ட மீன் உண்மையாகவே பிழைக்கும்.

இனி முட்டை. வசந்தத்தில் தண்ணீர் 7 முதல் 12 டிகிரி செல்சியஸுக்குச் சூடேறும்போது ஆண் மீன்கள் முதலில் கரையோரம் வந்து காத்திருக்கும். பெண் முட்டையிடும் விதம் நன்னீர் மீன்களில் அபூர்வமானது. முட்டைகள் தனித்தனியாக வராது. உள்ளே கூடான, மடிப்பு மடிப்பான ஒரே ஊன்பசைப் பட்டையாக வெளிவரும். விரித்தால் இரண்டு மீட்டர் வரைகூட நீளும். அதில் பல்லாயிரம் முட்டைகள். நீர்ச்செடியிலும் பாறையிலும் அது சுற்றிக்கொள்ளும். நடுவே துளை இருப்பதால் உள்ளே இருக்கும் முட்டைக்கும் புதுத் தண்ணீர் போய்ச் சேர்கிறது. அந்தப் பசை மற்ற மீன்களுக்குப் பிடிப்பதில்லை. கடித்துப் பார்த்துத் துப்பிவிடுகின்றன. தாயும் தந்தையும் காவல் இருப்பதில்லை. ஒரு பெண் ஓர் ஆண்டில் இடுவது அந்த ஒரே பட்டை.

இரண்டு மூன்று வாரத்தில் ஐந்தாறு மில்லிமீட்டர் நீளக் குஞ்சு வெளியே வருகிறது. கண்ணாடி போன்ற உடல், பெரிய கண்கள். சிறிய ஏரிகளில் அது கரையோரமே வளரும். மிச்சிகன் ஏரியில் நீரோட்டம் அதைக் கரையிலிருந்து பல கிலோமீட்டர் தள்ளி நடு ஏரிக்குக் கொண்டுபோய்விடுகிறது. ஒரு மாதத்துக்கு மேல் அது அங்கேயே மேல்தண்ணீரில் மிதந்தபடி வளர்ந்து, பிறகு கரைப்பக்கம் திரும்பித் தரையோரம் இறங்குகிறது. அந்த முதல் வாரங்களில் அதன் வாய் குண்டூசித் தலையைவிடச் சிறியது. அதற்குள் நுழையும் உணவு இரண்டே வகை: சக்கர உயிரிகள், கோபிபாட் என்ற நுண்ணிய ஓட்டுயிர்களின் இளங்குஞ்சுகள். கரு உணவு தீர்ந்த சில நாட்களில் அது கிடைக்காவிட்டால் கதை முடிந்தது. பாலத்தில் நாலு வருடம் கழித்து எத்தனை வாளி நிறையும் என்பது பெரும்பாலும் அந்த வாரங்களில் முடிவாகிவிடுகிறது. தூண்டில்காரரின் சாமர்த்தியம் அதற்குப் பின்னால் வரும் சிறு கணக்கு.

1980-களின் இறுதியில் கணக்கு நன்றாகவே இருந்தது. 1988-இல் பிறந்த தலைமுறை மிகப் பெரியது. அந்தக் காலத்துச் சிகாகோக்காரர்கள் பெர்ச் பற்றிப் பேசும்போது குரலில் ஒரு கொண்டாட்டம் வந்துவிடும். பின்னர் ஆண்டுக்கு ஆண்டு குஞ்சுகள் காணாமல் போயின. 1994-இல் ஏரியைச் சூழ்ந்த மாநிலங்கள் சேர்ந்து பெர்ச்சுக்கென்றே ஓர் ஆய்வுக்குழு அமைத்தன. வலையில் விழுந்தவற்றில் பெரும்பாலானவை வயதான ஆண்கள். வேகமாக வளர்ந்து வலைக்குத் தப்பாத அளவை முதலில் எட்டும் பெண்கள் ஏற்கெனவே பிடிபட்டிருந்தன. 1996-இல் விஸ்கான்சினும், அடுத்த ஆண்டு இல்லினாயும் இண்டியானாவும் மிச்சிகன் ஏரியின் திறந்த பகுதியில் வணிகப் பெர்ச் பிடிப்பை மூடின. அது மறுபடி திறக்கப்படவில்லை.

வலை மட்டும் காரணம் என்று சொல்லிவிட்டால் எளிது. ஆனால் வலையை எடுத்த பிறகும் மீன் பழையபடி திரும்பவில்லையே. இங்கே ஏரியின் வரலாறு உள்ளே வருகிறது. நயாகரா அருவியைச் சுற்றிப் போக வெட்டிய வெல்லண்ட் கால்வாய் வழியே, அட்லாண்டிக் கடலைச் சேர்ந்த ஏல்வைஃப் என்ற மத்தி இனச் சிறுமீன், அருவிக்கு மேலே ஒன்றோடொன்று இணைந்த பேரேரிகளுக்குள் வந்தது. 1949-இல் மிச்சிகன் ஏரியில் தென்பட்டது. பெரிய வேட்டை மீன்கள் ஏற்கெனவே அழிந்திருந்ததால் கட்டுப்பாடின்றிப் பெருகி, 1967 கோடையில் செத்துக் கரை ஒதுங்கிச் சிகாகோவின் கடற்கரை போன்ற மணல்வெளிகளை நாறடித்தது. ஏல்வைஃப் பெர்ச்சுக்கு இரண்டு விதத்தில் எதிரி: அதன் உணவான மிதவையுயிரிகளைத் தின்னும், நடு ஏரியில் மிதக்கும் அதன் குஞ்சையும் தின்னும். அதைத் தின்ன 1966-இல் மிச்சிகன் மாநில மீன்வளத்துறையின் ஹோவர்ட் டானர் பசிபிக் சால்மன் குஞ்சுகளைக் கொண்டுவந்து விட்டார். ஏல்வைஃப் குறைந்தது, பெர்ச் மூச்சுவிட்டது. எண்பதுகளின் செழிப்புக்கு அதுவும் ஒரு காரணம்.

அடுத்த விருந்தாளிகளைத் தின்னப் பெரிதாக யாரும் இல்லை. கப்பல்கள் சமநிலைக்காக நிரப்பும் அடிநீரில் ஒளிந்து கருங்கடல், காஸ்பியன் பகுதிகளிலிருந்து வந்த வரிக்குதிரை மட்டி 1988-இல் பேரேரிப் பகுதியின் செயின்ட் கிளேர் ஏரியில் கண்டுபிடிக்கப்பட்டது. அடுத்த ஆண்டே மிச்சிகன் ஏரிக்கு வந்தது. அதன் சகோதரி குவாகா மட்டி 1997-இல். வரிக்குதிரை மட்டிக்குக் கெட்டியான பாறை வேண்டும். குவாகாவுக்குச் சேறும் போதும், குளிரும் போதும். ஆகவே அது ஆழத்துக்கும் இறங்கி அடித்தரையை நிறைத்துவிட்டது. நகத்தளவு மட்டி ஒன்று நாளொன்றுக்கு ஒரு லிட்டர் தண்ணீர் வரை வடிகட்டும். கோடி கோடியாக அவை சேர்ந்து வடிகட்டினால்? வசந்தத்தில் ஏரியெங்கும் பரவிய நுண்பாசி ஏறத்தாழ மறைந்துவிட்டது. அதைத் தின்று வாழ்ந்த மிதவையுயிரிகள் குறைந்தன. அவற்றை நம்பியிருந்த ஆறு மில்லிமீட்டர் குஞ்சின் தட்டு காலியானது.

இன்று மாண்ட்ரோஸ் விளிம்பில் நின்று குனிந்தால் அடித்தரைக் கல்லை எண்ணலாம். புதிதாக வருபவர்கள் எவ்வளவு சுத்தம் என்று படம் எடுக்கிறார்கள். அழுக்கைக் குறைத்ததில் கழிவுநீர்ச் சட்டங்களுக்கும் பங்கு உண்டு, மறுக்கவில்லை. ஆனால் இந்தத் தெளிவில் பெரும்பகுதி ஏரியின் சோற்றை மட்டிகள் உண்டுவிட்டதால் வந்தது.

உளுவையும் அதே அடிநீரில் வந்ததுதான். 1990-இல் செயின்ட் கிளேர் ஆற்றில் கண்டார்கள். சிகாகோவின் தெற்கே கலுமெட் துறைமுகப் பகுதிக்குச் சில ஆண்டுகளில் வந்து சேர்ந்தது. மற்ற மீன்களின் முட்டையைத் தின்னும், கற்களுக்கிடையில் இடம் பிடிக்கும். அதே சமயம் மட்டியை ஓட்டோடு நொறுக்கித் தின்னும் சில மீன்களில் அதுவும் ஒன்று. வளர்ந்த பெர்ச் இப்போது உளுவைக் குஞ்சைத் தின்கிறது. மட்டி விழுங்கிய சத்தில் ஒரு துளி இப்படிச் சுற்றுவழியில் பெர்ச்சுக்குத் திரும்புகிறது. பாலத்தில் உளுவையைப் பிடித்தவர் சபித்துக்கொண்டே முள்ளைக் கழற்றுவார். உயிரோடு வைத்திருக்க இல்லினாய் சட்டம் அனுமதிப்பதில்லை.

பெர்ச் முழுவதும் போய்விடவில்லை. 1998, 2005 போன்ற சில ஆண்டுகளில் குஞ்சுகள் நன்றாகப் பிழைத்தன. அந்தத் தலைமுறைகள் வளர்ந்து வந்தபோது பாலங்களில் கூட்டம் கூடியது. மீன் வயதைக் கண்டுபிடிக்கக் காதுக்குள் இருக்கும் சுண்ணாம்புக் கல்லை அறுத்து வளையங்களை எண்ணுகிறார்கள், மரத்தில் எண்ணுவது போலவே. ஒரே நாள் பிடித்த மீன்களை இப்படி எண்ணினால் இடையில் சில வயதுகள் அப்படியே இல்லாமல் இருக்கும். அந்த வசந்தங்களில் குஞ்சு தப்பவில்லை. ஒருவர் ஒரு நாளில் எடுத்துப்போகக்கூடிய பெர்ச், மிச்சிகன் ஏரியின் இல்லினாய்ப் பகுதியில் 15, விஸ்கான்சின் பகுதியில் 5.

காற்றையும் கேட்டுக்கொண்டு போவது நல்லது. தென்மேற்குக் காற்று சில நாள் பலமாக வீசினால் மேல்தண்ணீரைக் கரையிலிருந்து நடு ஏரிக்குத் தள்ளிவிடும். அந்த இடத்துக்கு அடியிலிருந்து பனிக்குளிர் தண்ணீர் மேலே வரும். கோடையில்கூட ஒரே இரவில் கரைநீர் நடுங்க வைத்துவிடும். பெர்ச் விரும்புவது 20 டிகிரி அளவிலான வெதுவெதுப்பை. அன்று அது வேறெங்காவது இருக்கும். முதல் நாள் வாளி நிறைத்த இடத்தில் மறுநாள் வெறுங்கையோடு திரும்புவதற்கு இதைவிடப் பெரிய மர்மம் தேவையில்லை.

இவ்வளவு சிரமம் எதற்கு என்றால், ருசிக்கு. வெள்ளைச் சதை, இனிப்பு, கவிச்சி கிடையாது. தோலோடு இரண்டு பக்கமும் சதையை வெட்டியெடுத்து, மாவில் புரட்டிப் பொரிப்பார்கள். விஸ்கான்சினில், முக்கியமாக மில்வாக்கியில், வெள்ளிக்கிழமை மாலை மதுக்கடைகளில் மீன் பொரியல் உண்பது ஊர் வழக்கம். குடியேறிய ஜெர்மானிய, போலிஷ் கத்தோலிக்கர்கள் வெள்ளியன்று இறைச்சி தவிர்த்தார்கள். 1920-இல் மதுவிலக்கு வந்ததும் கடைக்காரர்கள் மீனை வைத்துக் கடையை ஓட்டினார்கள். கூடவே கோதுமைக்கு உறவான ரை என்ற தானியத்தின் ரொட்டி, முட்டைக்கோஸ் சாலட், உருளைக்கிழங்கு அடை. வணிகப் பிடிப்பு மூடியபின் பல கடைகள் மலிவான காட் மீனுக்கு மாறின. பெர்ச் இன்னும் கிடைக்கும் இடங்களில் விலைப்பட்டியலில் அது மேலே இருக்கும். அதுவும் பெரும்பாலும் ஈரி ஏரியிலிருந்து வருகிறது. ஆழம் குறைந்த, வெதுவெதுப்பான, இன்னும் பச்சை மாறாத ஏரி அது. மிச்சிகன் ஏரியைப் பார்த்த ஜன்னலோரம் உட்கார்ந்து பெர்ச் கேட்டால், தட்டில் வருவது வேறோர் ஏரியின் மீன்.